பாய்மரத்தின் கீழ் ஒரு கதவு

இந்தப் படகு யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்று மானேஜர் சொன்னார். பத்து நிமிடம் நின்று பேசுவது என்னால் ஆகாது. இங்கே வேலை பார்த்த இருபத்திரண்டு வருடத்தில் நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் பத்து நிமிடம் வருமா என்று தெரியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளை ஆபீசில் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

ரெசின் எவ்வளவு கலப்பது, ஃபைபர் துணியை எப்படி விரிப்பது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். முழங்கால் போனதால் ஐம்பத்து நான்கு வயதில் வேலையை விட்டவன் நான். என்னிடம் சொல்வதற்கு இருப்பது ஒரு கதவின் விஷயம். அந்தக் கதவை இரண்டு முறை இழைத்தேன். மூன்றாவது முறையும் இழைத்திருந்தால் நான்கு பேரைக் கடலில் தேட வேண்டி வந்திருக்கும்.

விழிஞ்ஞத்தில் இந்த யார்டுக்கு வருவதற்கு முன்னால் தம்பானூரில் லாட்ஜ்களுக்குத் தச்சு வேலை செய்தேன். வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கிப் பத்து நாளில் எந்த லாட்ஜிலும் கதவு ஒழுங்காக அடைக்காது. தங்க வந்தவர் கதவை உதைப்பார். ரிசப்ஷனில் இருப்பவர் எனக்கு ஆள் அனுப்புவார். நான் போய்க் கதவைக் கழற்றி, பூட்டுப் பக்கம் நாலு இழுப்பு இழைத்து, திரும்ப மாட்டிவிட்டு வருவேன். ஏன் பிடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மழை பெய்கிறது, மரம் ஊதுகிறது, அவ்வளவுதான். வேனலில் அதே கதவின் இடுக்கு வழியாகக் காற்று வரும். அப்போது பட்டை ஒட்டக் கூப்பிடுவார்கள். யார்டுக்கு வரும்போது கதவைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும். போதும் என்றும் நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த கதவு இருந்த படகு பிரான்சில் செய்தது. முப்பத்தாறு அடி. வலியசாலையைச் சேர்ந்த ஒரு டாக்டர் அம்மா அதை இரண்டாம் கையாக வாங்கினார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் பாய்மரப் படகு ஓட்டப் படித்தவர். அவருடைய மகள் மாளவிகா அப்போது கல்லூரியை முடித்திருந்தாள். அம்மாவைவிட நன்றாக ஓட்டுவாள். இதை அம்மாவே சொல்வார், மகள் பக்கத்தில் இல்லாதபோது.

அதுவரை நான் பார்த்த படகுகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன்முனை சுவர் போல நேராகத் தண்ணீரில் இறங்கும். நம் வள்ளங்கள் பின்னால் ஒடுங்கும், இது பின்னால் விரியும். காற்றில் ஒரு பக்கம் சாயும்போது நடுவில் இருக்கும் சுக்கான் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும் என்பதால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுக்கான். அடியில் ஆளுயரத்துக்கும் கூடுதலாக ஒரு இரும்புப் பலகை இறங்கும். அதன் நுனியில் ஈயக் குண்டு. படகு எவ்வளவு சாய்ந்தாலும் அதுதான் நிமிர்த்தும். முன்னால் ஒரு கார்பன் குழாய், ஆமை தலையை நீட்டுவது போல வேண்டும்போது நீளும், வேண்டாதபோது உள்ளே போகும்.

பந்தயமும் ஓட வேண்டும், குடும்பத்தோடு போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கவும் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காகச் செய்த படகு. பந்தயத்துக்கு எடை ஆகாது. குடும்பத்துக்கு எல்லாம் வேண்டும். அதனால் உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், மூன்று படுக்கையறை, கழிப்பறை எல்லாம் இருந்தன, எதிலும் எடை மட்டும் இல்லை. முதல் நாள் முன்னறைக் கதவைக் கழற்றி ஒற்றைக் கையால் தூக்கினேன். கதவைப் போல வரைந்த படம் என்று தோன்றியது.

மேல்தட்டும் அப்படித்தான். மேலே மெல்லிய ஃபைபர், கீழே மெல்லிய ஃபைபர், நடுவில் பால்சா என்ற மரம். கிரீம் பிஸ்கட் போல. பால்சா நம் முருங்கையைவிட லேசு. காய்ந்திருக்கும் வரை உறுதியாக இருக்கும். நனைந்தால் டீயில் விழுந்த பிஸ்கட்.

பாய்மரம் படகின் அடிவரை போகாது. மேல்தட்டின் மேலேயே நிற்கும். இருபுறமும் கம்பிகள் அதை இழுத்துப் பிடிக்கும், அந்த இழுப்பெல்லாம் சேர்ந்து பாய்மரத்தைக் கீழே அமுக்கும். அதைத் தாங்குவதற்கு உள்ளே ஒரு தூண் வைப்பதுண்டு. இந்தப் படகில் ஹால் விசாலமாக இருக்கட்டும் என்று தூண் வைக்காமல், முன்னறைத் தடுப்பின் தலையில் ஒரு மர உத்தரம் வைத்திருந்தார்கள், வீட்டு வாசலுக்கு மேலே வைப்பது போல. அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் முன்னறைக் கதவு. உத்தரத்தை வெள்ளைப் பலகை மூடியிருந்ததால் அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

யார்டில் எந்தப் படகு தண்ணீரில் இறங்கினாலும் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுவது வழக்கம் என்பதை இதற்குள் பார்த்திருப்பீர்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை. முதலாளி ஒரு மதம், மெக்கானிக் ஒரு மதம், படகு பிரெஞ்சு. எலுமிச்சை எல்லோருக்கும் பொது. கட்டுவது என் வேலை. மற்றப் படகுகளில் ஏதாவது ஆணி, வளையம் இருக்கும். இதில் எல்லாம் வழவழப்பு. கம்பியில் கட்டினால் பாய் உரசும் என்றார்கள். எனவே கேபின் கூரையின் முன்சரிவில், பாய்மரத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு சின்ன எவர்சில்வர் கொக்கியைத் திருகினேன். கொக்கி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வேலை சுலபமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். திருகு அவ்வளவு லேசாக இறங்கினால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் தச்சனுக்கு அழகு. நான் பார்க்கவில்லை. ஓட்டையைச் சுற்றிப் பசையும் வைக்கவில்லை. எலுமிச்சை சரிவில் சாய்ந்து கிடந்தது. எல்லோருக்கும் திருப்தி.

அடுத்த மழைக்காலத்தில் டாக்டர் கூப்பிட்டார். முன்னறைக் கதவு பிடிக்கிறது என்றார். போனேன், இழைத்தேன், வந்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வருடம் ஐப்பசித் துலா மழையில் மறுபடியும் கூப்பிட்டார். கதவைக் கழற்றி ஹாலின் ஓரத்தில் சாய்த்து வைத்து இழைத்தேன். நாலாவது இழுப்பில் கை நின்றது. மழையில் ஊதிய கதவை இழைத்தால் சுருள் கனமாக வரும், கையில் எடுத்தால் குளிரும். இது பொரி போல வந்தது. காய்ந்த மரம். அதோடு, ஊதிய கதவு பூட்டுப் பக்கம்தான் பிடிக்கும். இது தலையில் பிடித்தது. போன தடவையும் தலையில்தான் இழைத்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஹாலில் டாக்டரும் சென்னையிலிருந்து வந்த அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் கடல் வரைபடத்தை விரித்து வைத்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்கழியில் கொச்சியில் ஒரு பந்தயம், அதற்கான பேச்சு. நடுவில் போய் நான் என்ன சொல்வது? சுருள் காய்ந்திருக்கிறது என்றா? அதனால் என்ன என்று அவர்கள் கேட்டால், அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மீதியையும் இழைத்து மாட்டினேன். கதவு அடைந்தது. டாக்டர் திரும்பிப் பார்த்து, "பர்ஃபெக்ட்" என்றார். நான் சுருள்களைப் பொறுக்கிச் சஞ்சியில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கொக்கியைத் தெரியாமல் வைத்தேன். இதைத் தெரிந்து செய்தேன். இரண்டையும் ஒரே தப்பாகக் கணக்கு வைக்காதீர்கள்.

மார்கழி வந்தது. கொச்சிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் கம்பி வேலைக்கு ஒருவர் வந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், கொச்சிக்காரர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. யாரையும் பாராட்டியதில்லை. அவர் குறை சொல்லாவிட்டால் அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாய்மரத்தின் கம்பிகள் தளர்ந்திருப்பதைப் பார்த்தார். கம்பி நீண்டுவிட்டது என்று சொல்லி, பகல் முழுக்க நின்று இருபுறமும் முறுக்கி ஏற்றினார். அவர் பார்த்தது கம்பியை. நான் பார்த்தது கதவை. பாய்மரம் கீழே இறங்கினாலும் கம்பி தளரும், கதவும் பிடிக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். துறைமுகத்தில் அனுமதி வாங்கியாயிற்று. ஒன்பதரைக்கு மானேஜர் ஷெட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, இழைப்புளி எடுத்திட்டு வேகம் வரணும். டாக்டரோட மோள் முன்ரூமில பெட்டுப்போச்சு. கதவு துறக்கல."

நான் போய்ச் சேரும்போது மாளவிகா மேல் ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்து, கூரையில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கதவுக்கு என்னை நல்ல இஷ்டம், கேட்டோ அண்ணாச்சி. விடவே மாட்டேன்னுடுத்து."

"பதினைஞ்சு மினிட்" என்றார் மானேஜர். "இழைச்சிட்டு ஏறி வா. வர்த்தமானம் ஒண்ணும் வேண்டாம்."

என்னிடம் பேச்சு வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

கீழே இறங்கித் தோளால் தள்ளிக் கதவைத் திறந்தேன். தலையில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. சஞ்சியிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து நிலையின் தலையில் சேர்த்துப் பிடித்தேன். நடுவில் தொட்டது. இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தது. நிலை நடுவில் தொங்கியிருந்தது. கதவில் ஒரு குறையும் இல்லை. இழைப்புளியைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். அன்றைக்கு நான் காட்டிய தைரியத்தில் பாதி அதுதான்.

டாக்டர் படியில் இறங்கி வந்தார்.

"ஆயிடுத்தா?"

"இழைக்கலைம்மா."

"ஏன்?"

"கதவு சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்கற கதவு ஏன் சாத்த மாட்டேங்கறது?"

"நிலைதான் எறங்கியிருக்கு. மேலேருந்து என்னமோ அமுக்குது."

படியின் மேலே கொச்சிக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேல மாஸ்ட் அல்லாம வேற எந்தா இருக்கு? ஆசாரிக்கு மாஸ்ட்டில எந்தா காரியம்?"

அவருக்குப் பின்னால் மானேஜர். "அண்ணாச்சி, வர்த்தமானம் வேண்டாம்னு பறஞ்சேனல்லோ."

சென்னை நண்பர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் குனிந்து இழைப்புளியை எடுத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கும் ஒரு நாள் தெரியும். மூன்று நிமிட வேலை. எல்லோரும் சந்தோஷமாகப் புறப்பட்டிருப்பார்கள். மறு மழைக்கு என்னையே கூப்பிட்டிருப்பார்கள், கூப்பிட ஆள் இருந்திருந்தால்.

"கம்பியைக் கொஞ்சம் தளத்திப் பாருங்க" என்றேன். "கதவு தானா அடைஞ்சா நான் சொன்னது சரி. அடையலைன்னா இழைச்சுத் தாறேன்."

யார்டில் அதுவரை நான் பேசியதில் அதுதான் நீளமானது.

"நேத்து ஒரு பகல் முழுக்க நின்னு முறுக்கினதாணு" என்றார் கொச்சிக்காரர். "அது முழுக்க அழிக்கவோ? ஒரு கதவுக்கு வேண்டி?"

டாக்டர் நிலையின் தலையைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்த இழைப்புளியைப் பார்த்தார்.

"ஆபரேஷன் நடக்கறச்சே ஒரு நர்ஸ் வந்து என்னமோ சரியா இல்லைன்னா நான் மணி பாக்க மாட்டேன்" என்றார். "தளர்த்துங்கோ."

கொச்சிக்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கம்பிப் பக்கம் போனார். மாளவிகா கீழே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறு பக்கம் இரண்டு சுற்று.

"பிடிக்கறது" என்றாள் மாளவிகா.

இன்னும் இரண்டு இரண்டு.

"பிடிக்கறது."

இன்னும் இரண்டு. அவள் கதவைத் தள்ளினாள். க்ளிக் என்று சத்தம் கேட்டது. யாரும் இழைக்கவில்லை, கதவு போய் நிலையில் உட்கார்ந்துவிட்டது.

"அடஞ்சுடுத்து" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

மேலேயிருந்து கொச்சிக்காரரின் குரல் வந்தது. "துறந்து வெச்சோ. இன்னும் ஒண்ணுகூட நோக்கணும்."

மறுபடி முறுக்கினார். கதவு பிடித்தது. தளர்த்தினார். அடைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஸ்பானரைத் துடைத்து உறையில் போட்டார். அந்தச் சத்தத்திலேயே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னு இந்த போட் எங்கயும் போகில்ல" என்றார்.

வெள்ளைப் பலகையைக் கழற்றினோம். உத்தரத்தின் நடுவில் நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரை போனது. இழுத்தபோது பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. வெளிக்கடலில் ஒரு நல்ல காற்று பாயில் விழுந்திருந்தால் உத்தரம் முறிந்து, பாய்மரம் கூரையைப் பிளந்துகொண்டு ஹாலுக்கு வந்திருக்கும். ஹாலை விசாலமாக வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கொச்சிக்காரர் கூரையை விரலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டக் டக் என்று கேட்டது. ஓரிடத்தில் தலையணையைத் தட்டுவது போல இருந்தது. அதன் நடுவில் என் கொக்கி, கொக்கியில் காய்ந்து கறுத்த ஒரு எலுமிச்சை.

"இது ஆரு வெச்சது?"

மானேஜர் கடலைப் பார்த்தார். யார்டில் எலுமிச்சை கட்டுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னை யாரும் பார்க்கக்கூட இல்லை. வீட்டு வாடகையும் மனைவியின் மருந்தும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. வேறு யார்டு இங்கே கிடையாது. தம்பானூருக்குத் திரும்பினால் லாட்ஜ்களில் எல்லாம் பிளாஸ்டிக் கதவு வந்துவிட்டது.

"நான் வெச்சது" என்றேன். "பசை வைக்கல. ரெண்டாந்தடவை இழைக்கும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. சொல்லல."

கொச்சிக்காரர் டாக்டரிடம் சொன்னார்: "கம்பி தளர்ந்தது கண்டப்போ, எதுகொண்டுன்னு ஞான் சோதிச்சில்ல. முறுக்கி. அதும்கூடச் சேர்த்து எழுதிக்கோ, டாக்டரே." என் பக்கம் திரும்பி, "கொக்கி உன்னுது. முறுக்கு என்னுது" என்றார். அவர் என்னிடம் குறை சொல்லாத நாள் அது என்று சொல்ல முடியாது. ஆனால் பங்கு வைத்துக்கொண்டார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கரைக்குப் போய் நண்பர்களிடம் பேசிவிட்டு, துறைமுக ஆபீசுக்குப் போன் செய்தார்.

மாளவிகா படகில் ஏற்றிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் கரையில் நின்று வாங்கி வைத்தேன். அரிசி, முட்டை, பிஸ்கட், மடித்த பாய்கள். பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஒரு வருஷம் இதுக்காக ப்ராக்டிஸ் பண்ணினேன், அண்ணாச்சி."

"தெரியும், மோளே."

"ரெண்டாந்தடவையே சொல்லியிருந்தேள்னா சரி பண்ணிண்டு போயிருக்கலாம், அல்லே?"

"போயிருக்கலாம்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். அவர்கள் உயிர் தப்பியதற்காக என்னிடம் நன்றி சொல்ல வந்தவர்கள் பிறகு உண்டு. எனக்கு ஞாபகம் இருப்பது இந்தக் கேள்விதான்.

மானேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. யாரையும் கேட்காமல் எந்தப் படகிலும் ஓட்டை போடக் கூடாது என்று ஷெட்டில் ஒரு போர்டு மாட்டினார். அது இப்போதும் இருக்கிறது, நீங்கள் சட்டை மாட்டுகிற ஆணிக்குக் கீழே. எலுமிச்சையை இப்போது நூலில் கைப்பிடிக் கம்பியில் கட்டுகிறார்கள்.

பாய்மரத்தை இறக்கி, ஊறிய பால்சாவை வெட்டி எடுத்து, புது உத்தரம் வைக்க மூன்று மாதம் ஆயிற்று. உத்தரத்தை நான்தான் செய்தேன். பாய்மரத்தை ஏற்றிக் கம்பியை முறுக்கிய அன்று நிலையின் தலை அதன் பழைய உயரத்தில் அசையாமல் நின்றது. கதவு மட்டும் குட்டையாகிவிட்டிருந்தது, இரண்டு தடவை நான் தலையைச் சீவியதால். மேலே ஒரு நீள இடுக்கு. பார்க்க அசிங்கமாக இருந்தது. புதுக் கதவு செய்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றார் டாக்டர். "இடுக்கு எத்தனை இருக்கு?"

காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். சரியாகப் போனது. மாளவிகா கையை நீட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன். அவள் அதை ஒரு நூலில் கட்டி நிலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். புறப்படுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பென்சிலை இடுக்கில் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிப் பார்ப்பாள். அடுத்த மார்கழியிலும் அப்படித்தான் பார்த்துவிட்டுக் கொச்சிக்குப் போனார்கள். நாலாவதாக வந்தார்கள்.

அந்தப் படகு இப்போதும் நம்மிடம்தான் வருகிறது. உங்களில் யாரையாவது அதில் வேலைக்கு அனுப்புவார்கள். முன்னறைக் கதவின் தலையில் இருக்கும் இடுக்கைப் பார்த்து, ஏதோ அரைகுறை ஆசாரி செய்தது என்று நினைத்துப் பட்டை ஒட்டிவிடாதீர்கள். பக்கத்தில் தொங்கும் பென்சிலை எடுத்து ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால், ஹாலில் யார் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாலும், நடுவில் போய்ச் சொல்லுங்கள்.